தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் போடாதீர்கள்!

மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயியில் வெள்ளம் புதிதில்லை. 2013 மார்ச் 30 அன்று 11 உயிர்கள் போயின. 2024 ஜனவரி 15, பெலால் புயலில் தெருவில் கார்களே மிதந்தன. அப்படி முங்கிய பைக்கை, தண்ணீர் வடிந்ததும் ஓடிப்போய் ஸ்டார்ட் செய்து பார்க்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை!

பிஸ்டன் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்காது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது செல்ஃப் போட்டால், பிஸ்டனைத் தாங்கும் கம்பியான கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். பிளக்கைக் கழற்றியிருந்தால் தப்பித்திருக்கும் என்ஜின் அது. வயிறு எரிகிறது.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, முகத்தை விலக்கி, கிக்கரை மெதுவாக மிதியுங்கள். தண்ணீர் துளை வழியாகப் பீய்ச்சியடிக்கும். காகித ஏர் ஃபில்டர் நனைந்தால் காயவைக்காமல் புதிது போடுங்கள். என்ஜின் ஆயில் தண்ணீர் கலந்து, பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் வடித்துப் புதிது ஊற்றி, ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, மறுபடியும் வடியுங்கள். இந்த இரண்டாவது தடவைக்குத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை. சின்ன வண்டிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தானே ஐயா! அதை மிச்சம் பிடித்தால் பேரிங் போய்விடும்.

ஸ்கூட்டர் என்றால் பெல்ட் பெட்டியைத் திறந்து துடைக்க வேண்டும், கியர் ஆயிலும் தனியாக மாற்ற வேண்டும். டிரம் பிரேக்கில் சேறு தங்கும். கழற்றிக் கழுவாமல் மலைச்சரிவில் இறங்கவே இறங்காதீர்கள்.