வாங்கப் போகவில்லை, பார்க்கப் போனேன்

பிப்ரவரிக் குளிரில் டெல்லி மெட்ரோவின் ஓக்லா என்.எஸ்.ஐ.சி. நிலையத்தில் இறங்கி இந்தியா ஆர்ட் ஃபேருக்குப் போனேன். வருஷத்தில் நான்கே நாள் நடக்கிற ஓவியச் சந்தை. "பணக்காரங்க படம் வாங்குற இடத்துல உனக்கென்ன வேலை?" என்று வீட்டில் கேட்டார்கள். இதைப் படிக்கிற சிலருக்கும் அதே கேள்வி வரும் என்பதால்தான் எழுதுகிறேன்.

2008-ல் பிரகதி மைதானத்தில் வேறு பெயரில் தொடங்கியது இது. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட கேலரிகள், அமைப்புகள் வருகின்றன. தொடக்க நேரம் அழைப்பிதழ்காரர்களுக்கு. வார இறுதியில் டிக்கெட் வாங்கி யாரும் போகலாம். நான் போன ஞாயிற்றுக்கிழமை பாதிக்கூட்டம் கல்லூரிப் பிள்ளைகள். பல ஸ்டால்களில் விலை எழுதியிருக்காது, கேட்டால் சொல்வார்கள். ஓரிடத்தில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஸ்டாலில் ஒரு பெண் இருபது நிமிஷம் நின்று, வாங்கமாட்டேன் என்று தெரிந்தும் பொறுமையாக விளக்கினார்.

அங்கேதான் ஓரச் சுவரில் ஓவியர் கே. ராமானுஜத்தின் ஒரு கோட்டோவியத்தைப் பார்த்தேன். நோட்டுத் தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கோபுரங்களும் மாடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போகின்றன, தூண்களைப் பாம்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, நடுவில் தொப்பி போட்ட ஒரு மனிதர். கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாமே மயிரிழை போன்ற மைக்கோடுகள். ஒரு விரற்கடை இடம்கூட வெறுமையாக விடவில்லை மனுஷன். கண்ணை எடுக்கவே முடியவில்லை.

ராமானுஜம் வாழ்ந்தது சென்னையை ஒட்டிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில். 1973-ல், முப்பத்துச் சொச்ச வயதிலேயே இறந்துபோனார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் 1966-ல் உருவாக்கியது அந்தக் கிராமம். பாத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த வாசலை எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்திருக்கிறேன். சென்னையில் வளர்ந்த நான் ராமானுஜத்தை முதன்முதலில் பார்க்க டெல்லி வரை போக வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருவராவது இந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

நமக்கு ஓவியம் என்றாலே விலைதான் செய்தியாக வருகிறது. 2025 மார்ச்சில் ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் 'கிராம யாத்ரா' நியூயார்க்கில் சுமார் 118 கோடி ரூபாய்க்கு ஏலம் போனதை எல்லோரும் பகிர்ந்தோம். கிட்டத்தட்ட 14 அடி நீளத்தில், கிராம வாழ்க்கையின் 13 காட்சிகளை 1954-ல் அவர் தீட்டிய படம். பல பத்தாண்டுகள் ஆஸ்லோவில் ஒரு மருத்துவமனையில் இருந்திருக்கிறது. அதில் என்ன வரைந்திருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தோம்?

தனியார் கைக்குப் போகிற படம் அந்த வீட்டோடு சரி. அதற்கு முன் நம் கண்ணில் படுகிற வாய்ப்பு இந்த நான்கு நாள்தான். அதனால்தான் வாங்க வழியில்லாதவர்கள்தான் முதலில் போக வேண்டும் என்கிறேன். எல்லா ஸ்டாலையும் ஓடி ஓடிப் பார்க்காதீர்கள். பிடித்த ஐந்தாறு படங்களின் முன்னால் நின்று பாருங்கள், தெரியாததைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

டெல்லி தூரம் என்பவர்களுக்கு: ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்திலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. ஊர் திரும்பிய வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.