மொய் எழுதத் தெரியாதவள்

மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். போதும். என் மதிப்புரையின் ஸ்கிரீன்ஷாட் எல்லாருக்கும் வந்திருக்கும், அதனால் கதைச்சுருக்கம் வேண்டாம்.

நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கிய ஆறு புதுப் புத்தகங்களைப் பற்றி எழுதினேன். கவிதை, சமையல், சிறார் கதை, இரண்டு மொழிபெயர்ப்பு, ஒரு துப்பறியும் நாவல். ஐந்தைப் பற்றிச் சொன்னதை ஒருவரும் சீண்டவில்லை. ஆறாவதான அந்தத் துப்பறியும் நாவலில் "கடைசி எண்பது பக்கம் இழுவை" என்றதும் இலக்கிய விரோதி ஆகிவிட்டேன்.

எங்கள் பேராவூரணிப் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு மொய் எழுத வேண்டும். யார் எவ்வளவு வைத்தார் என்று நோட்டில் இருக்கும். அவர் விருந்து வைக்கும்போது அதற்குக் குறையாமல் திருப்ப வேண்டும். அப்பாவின் மொய் நோட்டில்தான் நான் கூட்டல் கற்றேன். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மதிப்புரையையும் அந்த நோட்டில் எழுதச் சொல்கிறீர்களே! நீ என்னுடையதை 'உலகத்தரம்' என்றாய், இந்தா உன்னுடையதற்கு 'காலத்தின் தேவை'.

350 ரூபாய் நாவல், பத்து சதவீதக் கழிவு போக 315. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை முன்னால் யோசிக்கிறாரே, மதிப்புரை அவருக்கு. எழுதியவருக்கு அல்ல.

சமையல் புத்தகத்தைச் சமைக்காமல் எப்படி மதிப்பிடுவது? அதில் உள்ளபடி அதிரசம் செய்தேன். வெல்லப்பாகு எந்தப் பதம் என்று ஒரு வரி இல்லை. மாவை ஊறவைக்கச் சொல்லவும் இல்லை. எண்ணெயில் போட்டதும் உதிர்ந்து சட்டியெல்லாம் கசடு. அப்படியே எழுதினேன். அந்த அம்மா இன்பாக்ஸில் வந்து, "விட்டுப்போச்சுடி, அடுத்த பதிப்பில் சேர்த்துடறேன்" என்றார். அவ்வளவுதான் விஷயம்! சிறார் கதையை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன், மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள். அதையும் எழுதினேன். யாரும் சண்டைக்கு வரவில்லை.

"நீ ஒரு நாவல் எழுதிக் காட்டு." மாட்டேன். எழுதினால் நீங்களெல்லாம் மொய் வைக்க வேண்டியிருக்கும்.

"சமையல் புத்தகத்தோடு நின்றிருக்கலாமே, க்ரைம் எதற்கு?" இதைச் சொன்னவரின் கவிதைத் தொகுப்பைப் போன வருடம் நான்தான் பாராட்டி எழுதினேன். அப்போது நான் 'நுட்பமான வாசகி'.

"முதல் நாவல், இளைஞர், கொஞ்சம் விட்டுப்பிடித்திருக்கலாம்." இது மட்டும் உறுத்துகிறது. முந்நூறு பிரதி விற்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும் என்று எனக்கும் தெரியும். தனியாகச் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். ஆனால் அந்த எண்பது பக்கத்தை வெட்டச் சொல்லியிருக்க வேண்டியவர் நானா? அச்சுக்குப் போகும் முன் எடிட்டர் என்று ஒருவர் படித்திருக்க வேண்டாமா? பொன்னாடைக்குச் செலவு செய்ததில் பாதியை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்திருந்தால் கதாநாயகன் பெயராவது கடைசிவரை ஒன்றாக இருந்திருக்கும்.

1959இல் எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியதே விமர்சனத்துக்காக. இன்று தொடங்கியிருந்தால் முதல் இதழிலேயே அவரை பிளாக் செய்திருப்பீர்கள்.

என்னை பிளாக் செய்தாயிற்று, அந்த நாவலை எழுதியவரே. வெளியீட்டு விழாவுக்கு "அக்கா, நீங்க கண்டிப்பா வரணும்" என்று இரண்டு முறை போன் செய்த பிள்ளை. போனேன். நாவலையும் நந்தனத்தில் வரிசையில் நின்று காசு கொடுத்துதான் வாங்கினேன். ஓசிப் புத்தகம் என்று எழுதியவர்கள் ரசீது கேட்டால் அனுப்புகிறேன்.

இன்னொன்று. கதையின் முடிச்சை உடைத்துவிட்டேன் என்று ஒரு குற்றச்சாட்டு ஓடுகிறது. கொலை செய்தது யார் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. 60ஆம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னேன்.