கடைசி அத்தியாயத்தில் ஏன் இந்த அவசரம்?

நாற்பது வாரம் ஒரு தொடர்கதையின் கூடவே வருகிறோம். நாற்பத்தோராவது வாரம் எங்கிருந்தோ ஒரு லாரி வந்து நாயகியை அடித்துப் போடுகிறது. கீழே ‘முற்றும்’. அந்த லாரிக்கு அதுவரை கதையில் ஒரு வேலையும் இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று வாசகி எழுதினால், “கதைதானேம்மா” என்று எழுத்தாளரிடமிருந்து பதில் வருகிறது. அந்த நாயகிக்கு எதற்குக் கோபம் வரும், எதற்குக் கண் கலங்கும் என்பதுவரை எங்களுக்குப் பழக்கிவிட்டது யார்?

சோக முடிவே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. கல்கியின் பொன்னியின் செல்வன் நாவல் மணிமேகலை என்ற பெண்ணின் சாவோடுதான் முடிகிறது. ஆனால் தான் நேசித்த வந்தியத்தேவனைக் காப்பாற்ற, இளவரசன் கரிகாலனைக் கொன்றது நானே என்று அவள் பழியேற்றபோதே அந்தப் பெண் எதுவரை போவாள் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. அதனால் அழுகிறோம், ஏமாந்ததாக நினைப்பதில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த கதை அது. முடிந்த பிறகும் மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்க, கல்கி தனியாக ஒரு முடிவுரையே எழுதினார். கேட்டவர்களை அவர் அலட்சியம் செய்யவில்லை.

சுப முடிவு என்ற பெயரில் நடப்பது இதைவிடக் கொடுமை. முப்பது அத்தியாயம் மனைவியை அடித்து, சந்தேகப்பட்டு, அறையில் பூட்டி வைத்தவன், கடைசியில் நாலு வரியில் மன்னிப்புக் கேட்கிறான். அவள் உடனே அவன் தோளில் சாய்கிறாள். அடுத்த பத்தி ‘ஐந்து வருடங்களுக்குப் பிறகு’, கையில் இரட்டைக் குழந்தைகள். அவள் பட்ட அடிக்கு என்ன கணக்கு? அவளுக்காகத் துடித்த எங்களுக்கு வயிறு எரிகிறது. மன்னிக்கிறாள் என்றால் அதற்கு ஐந்தாறு அத்தியாயமாவது கொடுங்கள். அவன் மாறியதைக் காரியத்தில் காட்டுங்கள். அவள் மறுக்கட்டும், பிறந்த வீட்டுக்குப் போகட்டும், தன் சம்பாத்தியத்தில் நிற்கட்டும். அதன்பிறகு வருவதாக இருந்தால் வரட்டும்.

முடிவு தெரியாமல் தொடங்குவதுதான் மூல வியாதி. முடிச்சுகள் பெருகி, சீக்கிரம் முடிக்கச் சொல்லி நெருக்கடியும் வந்ததும், யாரையாவது கொன்றால் எல்லாம் அவிழ்ந்துவிடும் என்று தோன்றுகிறது. நாற்பது அத்தியாயக் கதையில் சாவு உண்டென்றால் அதன் விதை பத்துக்குள் விழ வேண்டும். சாவு முப்பத்தேழிலேயே நடக்கட்டும். மீதி மூன்றும் இருப்பவர்களுக்கு. அம்மா அவள் புடவையை மடித்து வைக்கட்டும், தம்பி சாப்பிடாமல் எழுந்து போகட்டும். அவர்களோடு சேர்ந்துதான் நாங்களும் அழுது ஆற முடியும். செத்த வரியிலேயே முற்றும் போட்டால் அந்தத் துக்கத்தை எங்கே கொண்டு போய் இறக்குவது?

சுபமா சோகமா என்று முதல் அத்தியாயத்துக்கு மேலேயே ஒரு வரி போட்டுவிட்டால்கூடப் போதும். பிள்ளையைப் பறிகொடுத்தவளும் படிக்கிறாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவளும் படிக்கிறாள். எதைத் தாங்க முடியும் என்று அவர்களே பார்த்து எடுத்துக்கொள்வார்கள்.