ராஜாவுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

இந்தோனேசியாவின் டாங்டுட் இசை பற்றி எழுதினாலே, "அதுல என்ன இருக்கு, குத்துப்பாட்டுதானே" என்று யாராவது கமெண்டில் வந்துவிடுகிறார்கள். ஆமாம், குத்துப்பாட்டுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தோனேசியாவில் கல்யாண வீடு, டீக்கடை, லாரி, தேர்தல் கூட்டம் எங்கும் ஒலிக்கும் இசை இது. மலாய் இசைக்குழுக்களின் பாட்டில் அரபு மெட்டும் இந்திப் படப் பாட்டும் கலந்து, தபேலா மாதிரி ஒலிக்கும் கெண்டாங் என்ற மேளத்தின் தாளத்தில் வளர்ந்தது. இந்தித் தாக்கத்தை யாரும் மறைத்ததும் இல்லை. எல்லியா காதாம் பாடிப் புகழ்பெற்ற பழைய பாட்டே ஓர் இந்தியப் பொம்மையைப் பற்றியதுதான். ஜகார்த்தாவின் மேல்தட்டு வெகுகாலம் இதைப் பட்டிக்காட்டுச் சத்தம் என்றே ஒதுக்கி வைத்திருந்தது.

அந்தச் சத்தத்துக்குள் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்தவர் ரோமா ஈராமா. 1970இல் சொனெத்தா குழுவைத் தொடங்கினார். டீப் பர்ப்பிள் கேட்டு வளர்ந்த ராக் ரசிகர், கூடவே இஸ்லாமியப் பிரச்சாரகர். சூதாட்டத்தைத் திட்டிப் பாடினார், மனித உரிமை பற்றியும் பாடினார். கேசட்டும் சினிமாவும் அவரை 'டாங்டுட் ராஜா' ஆக்கின. 1977 தேர்தலில் அப்போதைய அதிபர் சுகார்த்தோவுக்கு எதிரணியில் இருந்த இஸ்லாமியக் கட்சிக்குப் பிரச்சாரம் செய்ததால், ஒரே தொலைக்காட்சியாக இருந்த அரசுத் தொலைக்காட்சி பத்தாண்டுக்கும் மேல் அவருக்குக் கதவைச் சாத்தியது. அப்போதும் மக்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். (பின்னாளில் அவரே சுகார்த்தோவின் கோல்கர் கட்சி மேடையில் ஏறினார். அது தனிப் பஞ்சாயத்து.)

இப்படி விலக்கப்பட்ட மனிதர் 2003இல் என்ன செய்தார் என்பதுதான் என்னால் ஜீரணிக்க முடியாத விஷயம்.

கிழக்கு ஜாவாவின் பாசுருவானைச் சேர்ந்த இனுல் தாரதிஸ்தா ஊர் ஊராகக் கல்யாணக் கச்சேரிகளில் பாடியவர். இடுப்பைத் துளைப்பான் மாதிரி சுழற்றி ஆடுவார். அந்த ஆட்டத்தைப் பிடித்த திருட்டு விசிடிகள் நடைபாதைக் கடைகளில் விற்று, அவர் பெயர் ஜகார்த்தாவுக்குப் போய்ச் சேர்ந்தது. தொலைக்காட்சிகள் கூப்பிட்டன. மதத் தலைவர்கள் கொதித்தார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றவர் ராஜா. தன் பாடல்களை இனுல் பாடக்கூடாது என்றே சொல்லிவிட்டார். நாட்டின் மிகப் பெரிய முஸ்லிம் அமைப்புக்குத் தலைவராகவும், பின்பு அதிபராகவும் இருந்த குஸ் துர்தான் இனுலுக்காகப் பேசினார். ஆபாசத் தடைச் சட்ட விவாதத்திலும் இனுலின் இடுப்பு வந்து நின்றது. 2008இல் அந்தச் சட்டம் நிறைவேறியது.

ரோமாவுக்கு உண்மையான மத அக்கறை இருந்தது, அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் கிராம மேடையில் இந்த ஆட்டம் எப்போதும் இருந்தது. பாடிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் ஆண்கள் ஏறி வந்து கையில் நோட்டைத் திணித்து, கூடவே ஆடிவிட்டுப் போவது அங்கே சாதாரணம். அந்த ஆண்களைப் பற்றி நாடு தழுவிய விவாதம் ஏதும் நடக்கவில்லை. கிராமத்து ஏழைப்பெண் ஒருத்தி ராஜாவிடம் கேட்காமலே, கம்பெனிக்காரன் தயவும் இல்லாமல், நாட்டின் பெரிய நட்சத்திரம் ஆனதுதான் பலரை உறுத்தியது என்பேன்.

அப்புறம் என்ன ஆயிற்று? இனுல் ஓயவில்லை. கரோக்கே கடைகள் திறந்தார், டிவி பாட்டுப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தார். அவர் வந்த கிழக்கு ஜாவாவின் வேகமான கொப்லோ என்ற டாங்டுட் பாணி நாடெங்கும் பரவியது. அதில் வளர்ந்த வியா வாலன்தான் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் பாட்டைப் பாடினார். 2022 சுதந்திர தினத்தன்று பன்யுவாங்கியிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் அதிபர் மாளிகையில் ஜாவானியப் பாட்டு ஒன்றைப் பாட, அமைச்சர்கள் எழுந்து ஆடினார்கள். வீடியோவைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆனால் அதே ஆட்டத்தை ஆடிப் பிழைக்கிற ஊர்ப்புறப் பாடகிகளை இன்றும் ஒழுக்கக்கேடு என்று திட்டுகிறவர்களிடம் அந்த அமைச்சர்கள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் கூடவே கைதட்டியிருப்பேன்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் டிவி போட்டிகளில் தொடங்காதீர்கள், அங்கே எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிடுவார்கள். கிழக்கு ஜாவாவின் திறந்தவெளிக் கச்சேரிப் பதிவுகள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. பாடகியை விட்டுவிட்டு, கெண்டாங் அடிப்பவரின் கையை மட்டும் கொஞ்ச நேரம் கவனியுங்கள்.