மரியா மிட்செலுக்கு இரவைக் கொடுத்தவர்கள் யார்?

அறிவியலில் சாதித்த பெண்களைப் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை ‘முதல் பெண்’ என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. அமெரிக்க வானியலாளர் மரியா மிட்செலுக்கும் (1818–1889) அதுவே நேர்ந்திருக்கிறது. வால்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார், அதற்காக டென்மார்க் மன்னரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றார், அமெரிக்கக் கலை, அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண், அத்துடன் சரி. அத்தனையும் உண்மைதான். ஆனால் ஒரு வானியலாளரின் வாழ்க்கையில் நான் முதலில் தேடுபவை வேறு. அவர் கையில் என்ன கருவி இருந்தது? இரவில் அதனருகே நிற்க அவருக்கு அனுமதி இருந்ததா? அந்த வேலைக்கு யார், எவ்வளவு சம்பளம் கொடுத்தார்கள்?

மிட்செல் பிறந்த, அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய நான்டக்கெட் தீவு திமிங்கில வேட்டைக் கப்பல்களால் வாழ்ந்த இடம். நடுக்கடலில் தீர்க்கரேகையை அறியத் துல்லியமான கடிகாரம் வேண்டும். அந்தக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க விண்மீன்களை அளந்தாக வேண்டும். அவருடைய தந்தை வில்லியம் மிட்செல் கப்பல் தலைவர்களுக்கு அந்த வேலையைச் செய்து கொடுத்தார். ஆகவே அந்த வீட்டில் தொலைநோக்கி அலங்காரப் பொருளாக இல்லாமல் பிழைப்புக்கான கருவியாக இருந்தது. குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் என்பதால் பெண் பிள்ளைகளின் கல்விக்கும் தடையில்லை. 1831இல் கங்கண சூரிய கிரகணம் வந்தபோது 12 வயது மரியா தந்தைக்கு உதவியாக நேரத்தைக் கணக்கிட்டார். பிறவி மேதை என்ற விளக்கம் இவற்றையெல்லாம் மறைத்துவிடுகிறது என்பதே எனக்கு அதன்மீதுள்ள மனக்குறை.

பதினேழு வயதில் ஒரு பள்ளியைத் தொடங்கியவர், அடுத்த ஆண்டே ஊர் நூலகரானார். அந்தப் பணியில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் இருந்தார். பகலில் நூலகப் புத்தகங்கள், இரவில் தந்தை வேலை பார்த்த வங்கிக் கட்டடத்தின் கூரை என்று வாழ்ந்த அவர், 1847 அக்டோபர் 1 அன்று அந்தக் கூரையிலிருந்துதான் வால்மீனைக் கண்டார். இரண்டு நாள் கழித்து ரோமில் பிரான்செஸ்கோ தே விக்கோ என்ற பாதிரியார் அதையே தனியாகக் கண்டார். நான்டக்கெட் செய்தி ஐரோப்பாவை அடையத் தாமதமானதால் பெருமை முதலில் அவருக்கே போயிற்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் எட்வர்ட் எவரெட் எடுத்துப் பேசிய பிறகே, 1848இல், பதக்கம் மிட்செலுக்கே உரியது என்று முடிவானது. பின்னர் ஐரோப்பியப் பயணத்தின்போது, தே விக்கோ பணியாற்றிய ரோமானியக் கல்லூரியின் வானாய்வகத்தைப் பார்க்க மிட்செல் விரும்பினார். பெண் என்பதால் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. அதைப் பெற்ற பிறகும் இருட்டுவதற்கு முன் வெளியேறிவிட வேண்டும் என்றார்கள். வானாய்வகத்துக்குள் விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கவிடாத அந்தப் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது!

1865இல் நியூயார்க் மாநிலத்தில் பெண்களுக்கென்று வாஸர் கல்லூரி திறக்கப்பட்டபோது அவர் வானியல் பேராசிரியரானார். கல்லூரிப் படிப்பே இல்லாதவருக்கு அங்கே 12 அங்குலத் தொலைநோக்கி கிடைத்தது. அன்றைய அமெரிக்காவின் பெரிய தொலைநோக்கிகளில் அது ஒன்று. தந்தையுடன் வானாய்வகத்திலேயே குடியிருந்தார். இரவில் இளம்பெண்கள் வெளியே நடமாடுவது தகாது என்று நினைத்த காலத்தில், மாணவியரை இரவில் வரவழைத்துப் பாடம் நடத்தினார். மதிப்பெண் போடுவதில் அவருக்கு நம்பிக்கையில்லை. மாணவியர் நாள்தோறும் சூரியக் கரும்புள்ளிகளைப் படமெடுத்தார்கள், கணக்கிட்டார்கள். 1869இல் அயோவாவுக்கும் 1878இல் டென்வருக்கும் முழுச் சூரிய கிரகணத்தைக் காண அவர்களைக் கருவிகளோடு அழைத்துச் சென்றார். நூலில் படித்ததை ஒப்பிப்பவராக அன்றி, தம் கண்ணால் கண்டதைத் தாமே எழுதி வைப்பவராகவே ஒவ்வொரு மாணவியையும் அவர் நடத்தினார். அறிவியல் கல்வி என்ற பெயரில் இன்று நடக்கும் பலவற்றை இந்த அளவுகோலால் அளந்தால் என்ன மிஞ்சும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

சம்பளக் கதை அவ்வளவு இனிமையானது அல்ல. இத்தனை புகழ் பெற்றவருக்கு, வயதில் இளைய ஆண் பேராசிரியர் பலரைவிடக் குறைந்த ஊதியமே தரப்பட்டது. அவரும் கல்லூரி மருத்துவர் அலிடா ஏவரியும் உயர்வு கேட்டார்கள், கேட்டுத்தான் பெற்றார்கள்.

கற்பித்தலுக்குள் போனதால் அவருடைய ஆராய்ச்சி தேய்ந்தது என்று ஒரு கருத்து உண்டு. அவர் காணத் தவறிய வால்மீன்கள் சில இருக்கலாம். ஆனாலும் அதை நான் முழுதாக ஏற்கவில்லை. ஒரு கல்லூரி வானாய்வகத்தில் இருந்துகொண்டு எதைச் செய்ய முடியும் என்பதையே அவர் மாற்றிவிட்டார். 1888இல் அவர் ஓய்வு பெற்றபோது அவருடைய மாணவி மேரி விட்னி அந்தப் பொறுப்பை ஏற்றுக் கருவிகளைத் தொடர்ந்து பயன்படுத்தினார். இன்னொரு மாணவி அன்டோனியா மோரி, ஹார்வர்டில் விண்மீன்களின் நிறமாலைகளை, அதாவது நிறங்களாகப் பிரிக்கப்பட்ட அவற்றின் ஒளியை, ஆராய்ந்தபோது, சிலவற்றில் தெரியும் கோடுகள் மட்டும் மிக மெலிதாகவும் கூர்மையாகவும் இருப்பதைக் கவனித்து அவற்றைத் தனியாக வகைப்படுத்தினார். அங்கே அந்த வகைப்பாட்டைப் பெரிதாக மதிக்கவில்லை. டென்மார்க்கின் வானியலாளர் ஹெர்ட்ஸ்ப்ருங்தான் அதன் அருமையை உணர்ந்து, மிகப் பெரிய விண்மீன்களையும் சிறிய விண்மீன்களையும் பிரித்தறிய அதைப் பயன்படுத்தினார்.