மாமாவிடம் யாரும் கேட்காத கேள்வி

மாமா மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறி லயத்தை இடித்த பிறகு கருங்கல் குவாரியில் கல் உடைக்கும் கிரஷர் வேலைக்குப் போனார். 17 வருடம். சாயங்காலம் வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். அத்தை வாசலிலேயே சட்டையை வாங்கி உதறுவார். ஈரத் துண்டை மூக்கில் கட்டினால் போதும் என்றுதான் அங்கே எல்லாரும் நம்பினார்கள்.

போதாது. கண்ணுக்குத் தெரிகிற புழுதியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆளைச் சாய்ப்பது கண்ணுக்கே தெரியாத தூள். கருங்கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. அது நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். அதை விழுங்க வரும் செல்கள் செத்து, அந்த இடம் தழும்பாகும். தழும்பான நுரையீரல் விரியாது. இதற்குத்தான் சிலிக்கோசிஸ் என்று பெயர். குணப்படுத்த மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றும்.

மாமாவுக்கு முதலில் ஆஸ்துமா என்றார்கள். அப்புறம் டிபி என்றார்கள். சிகரெட் உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. டிபியைச் சந்தேகப்பட்டது தப்பில்லை, சிலிக்கா படிந்த நுரையீரலை அது சுலபமாகப் பிடிக்கும். அதோடு நிறுத்திக்கொண்டதுதான் இன்னும் என் மனத்தை அறுக்கிறது. வேலையால் வந்த நோய் என்று எழுதியிருந்தால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு விண்ணப்பித்திருக்கலாம். இப்படிப்பட்ட நோய் என்று கருதினால் மருத்துவர் 7 நாளுக்குள் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டின் விதியே இருக்கிறது. மாமாவின் கார்டில் கடைசிவரை அந்தப் பெயர் ஏறவில்லை.

போன வாரம் எங்கள் தாமானில் ஒரு வீட்டு கிச்சனுக்குக் கல் பதிக்க நம் பையன்கள் வந்திருந்தார்கள். செயற்கை குவார்ட்ஸ் பலகையைத் தண்ணீர் இல்லாமல் கிரைண்டரால் அறுத்தார்கள். முகத்தில் வெறும் துணி. அந்தப் பலகைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல்கூட சிலிக்கா இருக்கும். கருங்கல் பல வருடம் எடுத்துச் செய்வதை இது சில வருடத்திலேயே செய்துவிடும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதைத் தடையே செய்துவிட்டது.

"தம்பி, தண்ணி ஊத்தி வெட்டுங்கப்பா" என்றேன்.

"வீடு ஈரமாயிடும் அண்ணே, வீட்டுக்காரங்க ஏசுவாங்க."

அந்த வீட்டுக்காரர்கள் நாம்தான். கடையிலேயே தண்ணீர் விட்டு அறுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதமானால் ஆகட்டும்.

வீட்டில் குவாரி, கிரஷர், கல் அறுக்கும் வேலை பார்த்தவர் யாராவது இருமிக்கொண்டிருந்தால், கிளினிக்கில் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். என்ன கல், எத்தனை வருடம் என்று நீங்களே சொல்லி, கார்டில் எழுதச் சொல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே கேளுங்கள். பழைய சம்பளச் சீட்டு இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.