அஞ்சலை என்கிற பயந்தாங்கொள்ளி

சென்னைப் புறநகரில் நான் போய்வரும் விலங்குகள் காப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே பெண் பார்க்கும் படலம்தான். பத்தரை மணிக்குமேல் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பூனைகள் இருக்கும் பகுதிக்குள் நுழைந்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகள் மாறுவதே இல்லை. கடிக்குமா? பிராண்டுமா? மடியில் வந்து உட்காருமா? கம்பிக்கு வெளியே கையை நீட்டி விளையாடுகிற குட்டிக்கு அங்கேயே தட்டு மாற்றிவிடுவார்கள். கடைசிக் கூண்டில் ஓர் அட்டைப்பெட்டியும் அதன் விளிம்புக்குமேல் இரண்டு காதுகளும் மட்டும் தெரியும். "இது ஏன் இப்படி இருக்கிறது, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்துவிடுவார்கள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. அவள் பெயர் அஞ்சலை. வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு மூன்றும் திட்டுத் திட்டாகக் கலந்தவள். இடது காதின் நுனி சீவப்பட்டிருக்கும். கருத்தடை முடிந்ததற்கான அடையாளம் அது. அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த மயக்கத்திலேயே அதையும் செய்துவிடுவார்கள். தன் நிழலுக்கே நடுங்குகிறவளுக்கு இந்தப் பெயரை வைத்தது கூண்டு கழுவும் அக்கா. அவருடைய குசும்புக்கு அளவே கிடையாது.

அவள் கூண்டில் தொங்கும் அட்டையில் 'கூச்ச சுபாவம்' என்று எழுதியிருக்கிறது. எழுதியவன் நான்தான். இப்போது அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது. ஒருபக்கம் நாய்கள் குரைத்தபடி இருக்க, டெட்டால் வாடை மூக்கைத் துளைக்க, முன்பின் தெரியாத முகங்கள் வரிசையாக வந்து கண்ணுக்குள் எட்டிப்பார்த்தால் யாராக இருந்தாலும் பெட்டிக்குள்தான் போவார்கள். இதற்குச் சுபாவம் என்று பெயர் வைத்தது என் அவசரம்.

பூனையின் மனிதப் பழக்கத்துக்கு ஒரு காலம் உண்டு. பிறந்து சுமார் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைக்கும் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி, பிற்பாடு மனிதரிடம் எளிதாக ஒட்டிக்கொள்ளும். அந்த வாரங்களில் கூரைமேலும் சாக்கடை ஓரத்திலும் வளர்ந்ததற்கு மனிதன் என்பது பெரிய உருவமுள்ள ஓர் ஆபத்து, அவ்வளவுதான். அப்படி முழுக்க வெளியிலேயே வளர்ந்த பூனையை வீட்டுக்குள் அடைத்துப் பாசம் காட்டுகிறேன் என்பது கொடுமை. கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவதுதான் அதற்குச் செய்கிற நல்லது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அஞ்சலையும் அந்த ரகம் என்றுதான் நாங்கள் முதலில் முடிவு கட்டியிருந்தோம். ஊழியர்களுக்குச் சமைக்கும் அறை அவள் கூண்டுக்குப் பக்கத்துச் சுவர். குக்கர் விசில் அடித்தால் தெருப் பூனைகள் துள்ளி மூலைக்கு ஓடும். ஒருநாள் விசில் சத்தத்துக்கு அஞ்சலை பெட்டியிலிருந்து தலையை வெளியே நீட்டினாள். இரண்டாவது விசிலுக்கு முன்னங்கால்கள் வெளியே வந்தன. மூன்றாவதற்கு எழுந்து நின்று, வாலை நட்டுக்குத்தலாக வைத்துக்கொண்டு, அந்த அறையின் கதவையே பார்த்தாள். கதவு திறக்கவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு மறுபடி பெட்டிக்குள் போய்விட்டாள்.

இவள் ஏதோ ஒரு சமையலறையில் வளர்ந்தவள். மூன்று விசிலுக்குப் பிறகு தட்டில் ஏதாவது விழும் என்று யாரோ இவளுக்குப் பழக்கியிருக்கிறார்கள். அந்த வீடு என்னவாயிற்று என்று அவளிடம் கேட்கவா முடியும்? வீட்டைக் காலி செய்தார்களோ, குழந்தை பிறந்ததோ, 'பூனை முடி ஆஸ்துமா' என்று யாரேனும் பயமுறுத்தினார்களோ. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இவளோ சூடும் கண்டு, இன்னும் அடுப்பங்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒருமுறை இவளுக்கு வரன் அமைந்தது. நல்ல குடும்பம்தான், குறை சொல்ல மாட்டேன். ஒன்பதாம் நாள் கூடையோடு திரும்பி வந்தார்கள். "கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, எங்களோடு ஒட்டவே இல்லை" என்றார்கள். புதுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போய், கலகலப்பாகப் பேசவில்லை என்று ஒன்பதாம் நாள் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டால் ஊர் சும்மா இருக்குமா? (சும்மா இருந்த ஊர்களும் உண்டு என்பது வேறு கதை.) ஒன்பது நாள் எதற்குப் போதும்? புது ஊருக்கு மாற்றலாகிப் போனால் பால்காரரோடு பேச நமக்கே ஒரு மாதம் ஆகிறது.

நானும் யோக்கியன் இல்லை. அவள் திரும்பி வந்த வாரம், பழக்கிக் காட்டுகிறேன் பார் என்ற வீம்பில் பிடரியைப் பிடித்துத் தூக்கினேன். தாய்ப் பூனை கவ்வும்போது குட்டி கைகால்களைத் தளர்த்திச் சும்மா தொங்கும். தென்கலை வைணவத்தில் சரணாகதிக்கு மார்ஜார நியாயம் என்று இதைத்தான் உவமை சொல்வார்கள். உவமை சரி, ஆனால் அது குட்டிக்கும் தாய்க்கும் இடையிலான ஏற்பாடு. வளர்ந்த பூனைக்கு அது வலி, பயம். முழங்கை வரைக்கும் மூன்று கோடு இழுத்துவிட்டாள். அரசு மருத்துவமனையில் "நாயா, பூனையா?" என்று கேட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்கு 0, 3, 7, 28 என்று நாள் குறித்துச் சீட்டுக் கொடுத்தார்கள். நான்கு தடவையும் வரிசையில் நிற்கும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் அவளைத் தொடுவதை விட்டுவிட்டேன். கூண்டுக்குள் முக்காலி போட்டு, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, நாளிதழைச் சத்தமாக வாசிப்பேன். தலையங்கம், காய்கறி விலை, இரங்கல் செய்தி எதுவானாலும் சரி. சோறு வைக்கும் எவர்சில்வர் தட்டு சிமெண்டுத் தரையில் கிறீச்சிடுவதால்தான் அவள் பாதியில் ஓடுகிறாள் என்பது, அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது. கனமான பீங்கான் கிண்ணம் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோனேன். அன்றைக்கு முதல்முறையாக என் எதிரிலேயே முழுவதும் சாப்பிட்டு, கிண்ணத்தின் அடியை நாக்கால் அரம்போல் தேய்த்துத் துடைத்துவிட்டு, மெதுவாகக் கண்களைச் சுருக்கினாள். நானும் சுருக்கினேன். பார்த்தவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்திருக்கும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் இதைச் சோதித்து, அறிமுகமில்லாதவர் மெல்லக் கண்ணைச் சுருக்கி மூடிக் காட்டினால் பூனை அவர் கையருகே வருவது கூடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த அட்டைப்பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'பெட்டியை எடுத்துவிட்டால் வருகிறவர்களுக்கு முகம் தெரியும், சீக்கிரம் போய்விடுவாள்' என்று எங்களில் ஒருவர் யோசனை சொன்னார். நான் சண்டை போட்டேன். 2014-இல் நெதர்லாந்தில் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவைதான் சீக்கிரம் நிதானத்துக்கு வந்தன. ஒளிய இடம் இருப்பதால்தான் வெளியே வரத் துணிவு வருகிறது. சிறுவயதில் விருந்தாளி வந்தால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

துறுதுறுவென்று ஓடிவரும் குட்டிகள் எப்படியும் போய்விடும். என் கேள்வி உங்களில் சிலரிடம்தான்: வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச வேண்டும், படம் எடுத்துப் போட வேண்டும் என்ற அவசரம் இல்லாதவர்களிடம், தனியாக இருப்பவர்களிடம், பேச்சுக் குறைந்த வயதானவர்களிடம். ஒரு சிறிய அறை, அதில் மணல் தட்டு, தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு, பால்கனிக்கு வலை. இவ்வளவு போதும். வெறும் தயிர்சாதத்தில் வளர்க்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் பூனைக்குக் கிடைக்க வேண்டும், அது குறைந்தால் கண்பார்வையே போய்விடும். சைவ வீட்டார் கோபிக்க வேண்டாம், பூனை அப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது.

அட்டையில் இருந்த 'கூச்ச சுபாவம்' என்பதை நேற்று அடித்துவிட்டு, 'குக்கர் விசிலுக்கு எழுந்து வருவாள்' என்று எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு வருகிறவர்கள் கையில் பொம்மை எதுவும் வாங்கி வர வேண்டாம். முடிந்தால் நடுத்தர அளவில் ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவாருங்கள். அவளுடையது ஓரமெல்லாம் பிய்ந்துவிட்டது.